சுடுதண்ணிக் கணக்கு

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. வீட்டைத்தான் பார்த்துக்கிறேன். மைக் பிடிச்சுப் பேசுறது இதுதான் முதல் தடவை, அதனால கை நடுங்குறதைப் பார்த்துச் சிரிக்காதீங்க. எங்க குழுவுல கணக்கு நோட்டு எழுதுறது நான். கூட்டமைப்புத் தலைவி அக்கா போன மாசம் என்கிட்ட, "உங்க குழுவுல ரெண்டு பேரு, மத்த குழுக்கள்ல நாலஞ்சு பேரு, கீசர் வாங்க உள்கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்காங்க. நீ வாங்கிப் பட்டவதானே, வந்து சொல்லு" என்றார்கள். பட்டதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஹீட்டர் என்று சொன்னால் குளிர் தேசங்களில் வீட்டையே சூடாக்குற மெஷின். நம்ம கம்பம் பள்ளத்தாக்குல அதுக்கு வேலை இல்லை. நமக்குச் சூடு என்றால் குளிக்கிற தண்ணிதான். ஆனாலும் மார்கழி, தை மாசத்துல மேற்கு மலையில இருந்து குளிர் இறங்கி வரும்போது, விடியக்காலம் அஞ்சு மணிக்குத் தொட்டித் தண்ணியில கை வைக்க முடியுமா? எங்க வீட்டுக்காரர் குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆளேத்துற ஜீப் ஓட்டுகிறார். அஞ்சு மணிக்கெல்லாம் வண்டியை எடுக்கணும். எங்க அத்தைக்கு மூட்டுவலி, சுடுதண்ணி இல்லாமல் குளிக்க முடியாது. பிள்ளைகள் ரெண்டு. என்னோடு சேர்த்து அஞ்சு பேர்.

முன்னாடியெல்லாம் கொல்லையில மூணு கல் வச்சு விறகு மூட்டி, அண்டாவுல காய்ச்சினோம். தென்னை மட்டை, தோப்புல பொறுக்கின சுள்ளி, எது கிடைச்சாலும் எரியும். அத்தைக்கு இருமல் வந்ததுக்கு அந்தப் புகைதான் காரணம் என்று டாக்டர் சொன்ன பிறகு அதை விட்டோம். 2022 ஐப்பசியில ஒரு ஹீட்டர் ராடு வாங்கினேன். விலை குறைவாக இருந்தது, வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கா என்று திருப்பிக்கூடப் பார்க்கலை.

பதினஞ்சு நாள் ஒழுங்காகத்தான் போச்சு. பதினாறாம் நாள் காலையில, பெரியவள், அப்போ ஏழாவது படிச்சா, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு என்று தண்ணி சுட்டிருக்கா என்று பார்க்க வாளிக்குள்ள கையை விட்டாள். ராடு ஓடிக்கிட்டு இருக்கு. வாளி இரும்பு வாளி. தரை ஈரம், கால்ல செருப்பு இல்லை. ஒரு சத்தம்தான் கேட்டுச்சு, நான் அடுப்படியில இருந்து ஓடி வர்றதுக்குள்ள எங்க அத்தை கைத்தடியால சுவிட்சை அடிச்சு நிறுத்திட்டாங்க. பிள்ளையைத் தொடாமல் சுவிட்சை அடிக்கணும் என்று அந்த நேரத்துல அவங்களுக்கு எப்படித் தோணுச்சோ, இன்னிக்கும் எனக்கு ஆச்சரியம்தான். நானாக இருந்தால் பிள்ளையைத்தான் பிடிச்சு இழுத்திருப்பேன், ரெண்டு பேரும் போயிருப்போம்.

ஆஸ்பத்திரியில ஒரு நாள் வச்சுப் பார்த்து அனுப்பினாங்க. கை ரெண்டு வாரம் மரத்த மாதிரி இருக்கு என்று சொல்லிக்கிட்டே இருந்தாள். இப்ப நல்லா இருக்கா.

ஒயர்மேன் அண்ணன் வந்து பார்த்தார். ராடு மேல மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அதோட, நான் அதை மாட்டியிருந்தது டி.வி. பக்கத்துல இருந்த எக்ஸ்டென்ஷன் பெட்டியில. ராடுக்கு மூணு பின் இருக்கு, ஆனால் பெட்டிக்கு எர்த்தே கிடையாது. "ராடு கெட்டது பாதி, இந்தப் பெட்டி பாதி" என்றார். எர்த் இருந்திருந்தால் வாளிக்கு வந்த கரண்ட் மண்ணுக்குப் போயிருக்கும், பியூஸ் போயிருக்கும், பிள்ளைக்கு வந்திருக்காது.

அதுக்கப்புறம் ராடு பக்கமே போகக் கூடாது என்று முடிவு பண்ணினேன். நேராகக் குழுக் கூட்டத்துல கீசருக்குக் கடன் கேட்டேன். பிள்ளைக்கு ஷாக் அடிச்சதை எல்லாருக்கும் தெரியும், யாரும் ஒரு கேள்வி கேட்கலை. 8,000 ரூபாய், பத்துத் தவணை, மாசம் 800-ம் நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டியும். தீர்மானம் போட்டுக் கையெழுத்தும் போட்டாச்சு. கடையில போய் நின்றால், "அஞ்சு பேரா, அப்ப 25 லிட்டர் எடுத்துக்கங்க, எப்பவும் சுடுதண்ணி இருக்கும்" என்று சொன்னாங்க. 'எப்பவும்' என்ற வார்த்தை எனக்கு அம்புட்டு நல்லா இருந்துச்சு. அதுக்குத்தான் பிறகு காசு கட்டினேன்.

கார்த்திகை, மார்கழி, தை வரைக்கும் ராஜபோகம்தான். சுவிட்சைப் போட்டது போட்டபடி. அதுவே சூடாகி அதுவே நின்றுக்கும், லைட்டு அணைஞ்சிரும், அப்புறம் கரண்ட் எப்படி ஓடும் என்று நினைச்சேன். ரீடிங் எடுக்க வந்தவர் அட்டையில எழுதிட்டுப் போனார். 531 யூனிட். ராடு வாங்குறதுக்கு முந்தின ரீடிங் 372. பில்லு 2,198 ரூபாய். அதுக்கு முந்தினது 999.

அந்த மாசம் ஏலத்தோட்டத்துல வேலை குறைவு, ஜீப்புக்கு ஆள் இல்லை. கரண்ட் பில்லைக் கட்டினேன், குழுத் தவணை கட்டலை. பத்து வருஷமாகக் கணக்கு எழுதுறவ, மத்தவங்க தவணை தப்பினால் சிவப்பு மையில வட்டம் போடுறவ, என் பேருக்கு நானே சிவப்பு வட்டம் போட்டேன். அன்னைக்கு வசூலான பணத்துலதான் இன்னொரு அக்காவுக்கு மகள் நர்சிங் படிப்புக்குக் கடன் கொடுக்கணும். 880 ரூபாய் குறைஞ்சுது. அந்த அக்கா ஒரு வார்த்தை சொல்லலை. சொல்லியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

அன்னைக்கு ராத்திரிதான் அட்டையையும் பில்லையும் வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். ஒயர்மேன் அண்ணன்கிட்டயும், அறிவியல் சொல்லிக் கொடுக்கிற டீச்சர் ஒருத்தர்கிட்டயும் கேட்டுக் கேட்டு எழுதினேன். அந்தக் கணக்கைத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லப் போறேன். பயப்படாதீங்க, பெருக்கல் வகுத்தல் மட்டும்தான்.

ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்கினால் அதை ஒரு கணக்கு என்று வச்சுக்குவோம். ஒரு யூனிட் கரண்ட் 860 கணக்குச் செய்யும். நம்ம குளிக்கிற வாளி 15 லிட்டர். மார்கழிக் காலையில தொட்டித் தண்ணி 22 டிகிரி என்று வைங்க. குளிக்கச் சுகமான சூடு 42. ஏத்த வேண்டியது 20 டிகிரி. 15 பெருக்கல் 20, 300 கணக்கு. ஒரு யூனிட்டுல 860 இருக்கு. அப்ப ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய மூணு வாளி. ஒரு வாளிக்கு 0.35 யூனிட்.

இதுல ஒன்று கவனிங்க. நான் ராடு என்றும் சொல்லலை, கீசர் என்றும் சொல்லலை. எந்தக் கம்பெனி என்றும் சொல்லலை. 1000 வாட் ராடு போட்டால் அந்த வாளி சுட 21 நிமிஷம் ஆகும். 1500 வாட் என்றால் 14 நிமிஷம். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 7 நிமிஷம். மூணுக்கும் மீட்டர்ல ஓடுறது அதே 0.35 யூனிட்தான். தண்ணிக்குள்ள இருக்கிற கம்பி எல்லாக் கரண்டையும் சூடாக்கித் தண்ணிக்குத்தான் கொடுக்குது, வேற எங்கேயும் போக வழி இல்லை. "எங்க கம்பெனி கம்பி கரண்டைக் கம்மியா இழுத்து நிறையச் சூடு தரும்" என்று கடையில யாராவது சொன்னால், சிரிச்சுக்கிட்டே அடுத்த கடைக்குப் போங்க. வாட் கூடினால் சீக்கிரம் சுடும், அம்புட்டுத்தான். கூடுதலாகவும் செலவு ஆகாது, குறைவாகவும் ஆகாது.

அப்ப மிச்சம் எங்க இருக்கு? மூணு இடத்துல இருக்கு. எத்தனை லிட்டரைச் சூடாக்குறோம், எத்தனை டிகிரி ஏத்துறோம், சூடாக்கினதை எவ்வளவு நேரம் வச்சுக் குளிர விடுறோம். மெஷினைவிட நம்ம பழக்கத்துலதான் பெரும்பகுதி இருக்கு.

என் பில்லையே இதை வச்சுப் பிரிச்சுப் பாருங்க. அஞ்சு பேர் குளிக்க, தலைக்கு 0.35 வீதம், ஒரு நாளைக்கு 1.75 யூனிட். 60 நாளைக்கு 105. பழைய 372-ஓடு 105 சேர்த்தால் 477 வரணும். வந்தது 531. மீதி 54 யூனிட் எங்க போச்சு? யாரும் குளிக்காத தண்ணிக்குப் போச்சு. நான் சுவிட்சை அணைக்காமல் விட்டேனே, தொட்டிக்குள்ள இருக்கிற சூடு மெல்ல மெல்ல வெளியேறும். ஆறினதும் கீசர் தானாகவே மறுபடி ஓடும். மதியம் நாம வீட்டுல இல்லை, ராத்திரி தூங்குறோம், அது மட்டும் சூடாக்கி ஆற வச்சு, சூடாக்கி ஆற வச்சுக்கிட்டே இருக்கு. ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. கேட்டால் சின்னதாகத்தான் தெரியும்.

ஆனால் அந்த 54 யூனிட்தான் என்னை 500-க்கு அந்தப் பக்கம் தள்ளிச்சு. நம்ம ஊர்ல ரீடிங் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் 10-ல வந்த கட்டணப்படி, 500-க்குள்ள இருந்தால், 101-லிருந்து 200 வரைக்கும் யூனிட் 2 ரூபாய் 25 காசு, 400 வரைக்கும் 4 ரூபாய் 50 காசு, 500 வரைக்கும் 6 ரூபாய். 500-ஐத் தாண்டிட்டால் அந்த 2 ரூபாய் 25 காசுச் சலுகையே போயிரும். 101-லிருந்தே 4 ரூபாய் 50 காசு. 500-க்கு மேல 8 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். பத்தே பத்து யூனிட் கூடி 510 ஆனால் 2,030. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! நான் 477-ல நின்றிருந்தால் 1,587 கட்டியிருப்பேன். கட்டினது 2,198. வித்தியாசம் 611 ரூபாய். அந்த அறுநூறு இருந்திருந்தால் தவணைக்கு அங்க இங்க கொஞ்சம் புரட்டி வச்சிருப்பேன். பிறகு 2024 ஜூலையில கட்டணம் மறுபடியும் கொஞ்சம் ஏறிச்சு. மாறினது காசுதான். 500 என்கிற கோடு அதே இடத்துலதான் இருக்கு.

எங்க தெருவுல ஒரு மதினி அடிக்கடி சொல்லுவாங்க: "லோயர் கேம்ப்புல கரண்ட் எடுக்குறான், ஆண்டிபட்டிப் பக்கம் பூராவும் காத்தாடி சுத்துது, நம்ம மண்ணுல விளையுற கரண்டுக்கு நமக்கு எதுக்கு இம்புட்டு பில்லு?" நியாயமான கோபம்தான். 1895-ல பென்னிகுவிக் கட்டி முடிச்ச பெரியாறு அணையில இருந்து தண்ணி மலையைக் குடைஞ்ச சுரங்கம் வழியா வருது. குழாயில இறங்கி லோயர் கேம்ப்புல சக்கரத்தைச் சுத்தி விட்டுட்டுத்தான் நம்ம வயலுக்கு வருது. ஆனால் அந்தத் தண்ணி பாசனத்துக்குத் திறக்கிறதைப் பொறுத்தது. காத்தாடி ஓடுறது வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும். மார்கழிக் காலையில, நாம எல்லாரும் ஒரே நேரத்துல கீசரைப் போடும்போது, பெரும்பாலும் அது சும்மா நிற்கும், சூரியனும் வந்திருக்காது. அந்த நேரத்துக் கரண்ட் எங்கேயோ நிலக்கரி எரிஞ்சு வருது. இது பில்லைக் குறைக்காது, மதினிக்காகச் சொன்னேன்.

இப்ப வாங்குற விஷயத்துக்கு வாரேன்.

வீட்டுல ரெண்டு மூணு பேர், குளிர் ரெண்டு மாசம்தான் படுத்தும் என்றால், நல்ல ராடு போதும். நான் ராடால அடிபட்டவ, நானே சொல்றேன். கரண்ட் கணக்குல ராடு எதுக்கும் குறைஞ்சது இல்லை, சேமிச்சு வைக்கிறது இல்லாததால வீணும் இல்லை. ஆபத்துதான் அதுல பிரச்சினை. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, பிளாஸ்டிக் வாளி, மூணு பின், எர்த் உள்ள சுவர் பிளக்கு. ராடுல தண்ணி மட்டக் கோடு போட்டிருக்கும், அதுக்கு மேல தண்ணி இருக்கணும். முதல்ல தண்ணியில இறக்கு, பிறகு சுவிட்சைப் போடு. முதல்ல சுவிட்சை அணை, பிளக்கைப் பிடுங்கு, பிறகுதான் தண்ணியைத் தொடு. குளியலறைக்குள்ள வைக்காதீங்க. பிள்ளைகள் எட்டுற இடத்துல வைக்காதீங்க. இந்த நாலைந்தையும் வீட்டுல எல்லாரும் தினம் தவறாமல் செய்ய முடியாது என்று தோணினால் ராடு வேண்டாம். எங்க வீட்டுல முடியாது, அதனால எங்களுக்கு வேண்டாம்.

சேமிப்புக் கீசர் என்றால், ஆள் கணக்கை வச்சு லிட்டர் எடுக்காதீங்க. அடுத்தடுத்து எத்தனை பேர் குளிப்பாங்க என்று பாருங்க. 60 டிகிரியில இருக்கிற தண்ணியில பச்சைத் தண்ணி கலந்துதான் குளிக்கிறோம். 10 லிட்டர் கீசர் ஒரு தடவை சுட்டால் ஒரு வாளிக்கு மேலயே வரும். 15 லிட்டர் ரெண்டு பேருக்கு ஆகும், பத்துப் பதினஞ்சு நிமிஷம் விட்டால் அடுத்த ஆளுக்கும் தண்ணி சுட்டிரும். எங்களுக்கு 15 போதுமாக இருந்துச்சு, 25 வாங்கினது வீண். தொட்டி பெருசானால் ஆறுற சூடும் பெருசு.

ஸ்டார் ஒட்டியிருக்கும். 6 லிட்டரில் இருந்து 200 லிட்டர் வரைக்கும் உள்ள சேமிப்புக் கீசருக்கு அது உண்டு. ஸ்டார் எதுக்குக் கொடுக்கிறாங்க என்று எனக்கு முன்னாடி தெரியாது. சீக்கிரம் சுடுறதுக்கு இல்லை. சும்மா வச்சிருந்தால் ஒரு நாளைக்கு எவ்வளவு சூட்டை இழக்கும் என்பதுக்குத்தான். அந்த எண்ணு ஒட்டுத்தாள்லயே போட்டிருக்கும், இத்தனை யூனிட் என்று. ரெண்டு கீசரைப் பக்கத்துல வச்சு அந்த எண்ணைப் படிங்க. நான் வாங்கினது ரெண்டு ஸ்டார். நாள் பூரா போட்டு வைக்கிற வீட்டுக்கு அஞ்சு ஸ்டார்தான் லாயக்கு. குளிக்கிறதுக்கு முன்னாடி போட்டுக் குளிச்சதும் அணைக்கிற வீட்டுக்கு மூணு ஸ்டாருக்கும் அஞ்சு ஸ்டாருக்கும் பெரிய வித்தியாசம் வராது. அந்தக் காசுல எர்த் போட்டுருங்க.

மூணு லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் சின்னது, விலையும் குறைவு, சேமிப்பு இழப்பு இல்லை. ஆனால் 3000 வாட். 13 ஆம்பியர் இழுக்கும். நம்ம பழைய வீடுகள்ல லைட்டுக்கும் ஃபேனுக்கும் இழுத்த ஒயர்ல அதை மாட்டினால் ஒயர் சூடாகி உருகும். மீட்டர்ல இருந்து தனி ஒயர், 16 ஆம்பியர் பவர் பிளக் இல்லாமல் வாங்கவே கூடாது. ஒயர் செலவையும் விலையோட சேர்த்துப் பாருங்க, அப்ப அம்புட்டு மலிவாகத் தெரியாது. மோட்டாரும் இன்ஸ்டன்டும் ஒண்ணா ஓடினால் எங்க தெருவுல லைட்டு மங்கும்.

கேஸ் அடுப்புல காய்ச்சுறவங்க இருக்கீங்க. ஒரு வாளிக்கு ஏறக்குறைய 45, 50 கிராம் கேஸ் ஆகும். அடுப்புச் சூட்டுல பாதிக்குப் பக்கம் பாத்திரத்தைச் சுத்தி வெளியே போயிரும். 14.2 கிலோ சிலிண்டர் முன்னூறு வாளி வரும். உங்க ஊர் சிலிண்டர் விலையை 300-ஆல வகுத்துக்குங்க, ஒரு வாளிக் காசு வந்துரும். 400 யூனிட்டுக்குள்ள இருக்கிற வீட்டுக்குக் கரண்ட்தான் மலிவு. 500-ஐத் தாண்டுற வீட்டுக்கு ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்.

கரண்டைத் தின்னாமல் சூடு தருகிற ஒன்று நம்ம தலைக்கு மேலயே இருக்கு. எங்க ஆச்சி காலத்துல பித்தளை அண்டாவுல தண்ணி நிரப்பி முற்றத்து வெயில்ல வச்சிருவாங்க. சாயங்காலம் பிள்ளைகளை அதுலதான் குளிப்பாட்டுவாங்க. இப்ப மொட்டை மாடியில கறுப்புத் தொட்டி வச்சிருக்கோம், அதுவும் அதே வேலையைத்தான் செய்யுது. நாலு மணிக்குக் குழாயைத் திறந்து பாருங்க, தண்ணி வெதுவெதுப்பாக வரும். 22 டிகிரிக்குப் பதில் 32 டிகிரியில தண்ணி கிடைச்சால் ஏத்த வேண்டியது 10 டிகிரிதான், கரண்ட் பாதி. நான் பிள்ளைகள் ரெண்டு பேரையும் சாயங்காலக் குளியலுக்கு மாத்தினேன். பெரியவள் முகத்தைச் சுளிச்சாள். இப்பப் பழகிட்டா.

மாடியில வைக்கிற சோலார் வாட்டர் ஹீட்டர் இன்னும் நல்லது. முதல் போடக் காசு இருக்கிறவங்க, கூட்டுக் குடும்பமாக இருக்கிறவங்க வாங்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழை மூட்டத்துல அது சோர்ந்து போகும், அப்ப அதுக்குள்ளயும் ஒரு கரண்ட் கம்பி உண்டு என்பதை மறந்துறாதீங்க. ஹீட் பம்ப் என்று ஒன்று இருக்கு. ஃபிரிட்ஜைத் திருப்பி வச்ச மாதிரி, காத்துல இருக்கிற சூட்டை இழுத்துத் தண்ணிக்குக் கொடுக்கும். மூணுல ஒரு பங்கு கரண்ட்தான் ஆகும். நான் முதல்ல சொன்ன 860 கணக்கைத் தாண்டுறது அது ஒண்ணுதான். விலை நம்மளுக்கு எட்டாது. ஹாஸ்டல், லாட்ஜ் மாதிரி இடத்துக்குச் சரி.

மேகமலை, போடிமெட்டுப் பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்க ரூம் ஹீட்டர் பத்திக் கேட்டாங்க. அதுக்கும் இதே கணக்குதான். 2000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் 2 யூனிட். ராத்திரி 5 மணி நேரம் என்றால் 10 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 600. ஓட்டுச் சந்து வழியா காத்து உள்ள வர்ற வீட்டுல அது மலையைச் சூடாக்குற வேலை. முதல்ல சந்தை அடைங்க, நல்ல கம்பளி ஒண்ணு வாங்குங்க.

உப்புத் தண்ணி ஊர்க்காரங்களுக்கு ஒன்று. போர் தண்ணியில உப்பு, சுண்ணாம்பு கம்பி மேல படிஞ்சு ஓடு மாதிரி ஆகும். அந்த ஓட்டுக்குள்ள கம்பி அளவுக்கு மேல சூடாகி எரிஞ்சு போகும். வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் வச்சுக் கழட்டிச் சுத்தம் பண்ணச் சொல்லுங்க. உள்ள ஒரு மெக்னீசியம் தண்டு இருக்கும், தொட்டி துருப்பிடிக்காமல் அதுதான் கரைஞ்சு காப்பாத்தும். கரைஞ்சு தீர்ந்திருந்தால் மாத்தணும். பெரியாத்துத் தண்ணி வர்ற ஊர்க்காரங்க கொடுத்து வச்சவங்க.

கடைசியாக, எர்த். இதுல மட்டும் நான் சண்டைக்கே வருவேன். சுவர்ல மூணு ஓட்டை இருந்தால் எர்த் இருக்கு என்று அர்த்தம் இல்லை. பல வீட்டுல மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே கிடையாது. ஒயர்மேனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்க. கொல்லையில குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுக் குழாய் இறக்கியிருந்தால், கோடையில அந்தக் குழியில ஒரு குடம் தண்ணி ஊத்துங்க, காய்ஞ்ச மண்ணு கரண்டை வாங்காது. அதோட மீட்டர் பெட்டிப் பக்கத்துல ஆர்.சி.சி.பி. என்று ஒரு சுவிட்ச் போடணும், 30 மில்லி ஆம்பியர். சாதாரண எம்.சி.பி. வேற, இது வேற. எம்.சி.பி. ஒயரைக் காப்பாத்தும். ஆளைக் காப்பாத்துறது இதுதான். கரண்ட் கசிஞ்சு ஆள் உடம்பு வழியா போக ஆரம்பிச்ச உடனே கண்ணிமைக்கிற நேரத்துல துண்டிச்சிரும். அதுல ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்க. நான் குழுக் கூட்டம் நடக்கிற அன்னைக்கு அமுக்குறேன், அப்பத்தான் மறக்காது.

அந்தச் சிவப்பு வட்டத்துக்குப் பிறகு என்ன செஞ்சேன் என்று சொல்லிடுறேன். அதே ரெண்டு ஸ்டார், 25 லிட்டர் கீசர்தான். விக்கவும் முடியலை, மாத்தவும் முடியலை. சூட்டுத் திருகை நடுவுக்குக் குறைச்சு வச்சேன். நாலரைக்குச் சுவிட்ச் போடுவேன், அஞ்சுக்குள்ள அவர் குளிச்சுக் கிளம்புவார், அடுத்தாப்புல அத்தை, அதுக்கப்புறம் நான், உடனே அணைச்சிருவேன். அணைச்ச பிறகும் தொட்டியில மிச்சம் இருக்கிற சூட்டுல பாத்திரத்துப் பிசுக்கு கழுவுறேன். பிள்ளைகள் சாயங்காலம் வெயில் தண்ணியில. சுவிட்ச் பக்கத்துல சாக்பீஸால 'அணை' என்று எழுதி வச்சோம். எங்க அத்தைதான் அதைக் காவல் காக்கிறாங்க. அடுத்த வருஷம் அதே மார்கழி, தை ரீடிங் 431. கட்டினது 1,311 ரூபாய். தப்பின தவணையை ரெண்டு மாசத்துல சேர்த்துக் கட்டினேன். அந்த அக்கா மகள் இப்ப நர்சிங் ரெண்டாம் வருஷம்.

கீசருக்குக் கடன் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறவங்ககிட்ட ஒரு கோரிக்கை. தீர்மானம் போடுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கொண்டு வாங்க. ஒன்று, மீட்டர் அட்டை, போன ஒரு வருஷத்து ரீடிங் அதுல இருக்கணும். ரெண்டு, வீட்டுல எர்த் இருக்கு என்று ஒயர்மேன் பார்த்துச் சொன்னாரா இல்லையா. இல்லை என்றால் எர்த்துக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் சேர்த்தே கடன் கேளுங்க, நான் முதல் ஆளாகக் கையெழுத்துப் போடுறேன். மூணு, காலையில யார் யார் எத்தனை மணிக்குக் குளிக்கிறீங்க. இன்னிக்கு அட்டை கையில வச்சிருக்கிறவங்க சாப்பாட்டுக்கு அப்புறம் அந்த வேப்ப மரத்தடிக்கு வந்துருங்க. நோட்டும் பேனாவும் கொண்டாந்திருக்கேன், உட்கார்ந்து போட்டுருவோம்.